எண்ணத்தால் நடந்த கால்கள்!

மூளை 'நட' என்றால் கால் நடக்கிறது. அந்தக் கட்டளையைச் சுமந்து செல்வது தண்டுவடம். அதில் அடிபட்டால், மூளையும் காலும் நன்றாக இருந்தாலும் சேதி போய்ச் சேராது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்ட்-யான் ஓஸ்காமுக்கு நேர்ந்தது இதுதான். 2011-ல் சீனாவில் நடந்த சைக்கிள் விபத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் பாதிக்கப்பட்டது. நடக்க முடியாமல் போனது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், கிரெகுவார் கோர்ட்டின், ஜோஸ்லின் ப்ளோக் ஆகியோரின் குழு அவருக்கு ஒரு 'பைபாஸ்' போட்டது. கால் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிக்கு மேலே, மண்டை ஓட்டில் இரண்டு கருவிகள். கீழ்முதுகில், தண்டுவடத்தின் மேல் 16 மின்முனைகளோடு இன்னொன்று. அவர் நடக்க நினைத்ததும் எழும் சிக்னலை ஒரு சிறிய கணினி படித்து, வயர் இல்லாமலே தண்டுவடத்தைத் தூண்டுகிறது. ஓஸ்காம் எழுந்து நின்றார்; நடந்தார்; படியும் ஏறினார்!

2023 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு ஆச்சர்யமும் உண்டு. சுமார் 40 பயிற்சிகளுக்குப் பிறகு, கருவியை அணைத்துவிட்டாலும் ஊன்றுகோலோடு அவரால் நடக்க முடிந்தது. மிஞ்சியிருந்த நரம்புகள் பயிற்சியால் மீண்டும் வேலை செய்யக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆனால், இது ஒரே ஒருவரிடம் நடந்த சோதனை. அவருடைய தண்டுவடம் முழுவதுமாக அறுபடவும் இல்லை. எனவே, 'நிச்சயம் நடக்க வைக்கிறோம்' என்று யாராவது பணம் கேட்டால், நகையை அடகு வைக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையா, இன்னும் ஆராய்ச்சியா?'

பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஓஸ்காமின் கால்களுக்கும் கருவியோடு பயிற்சி தேவைப்பட்டது.