குருதியில் உள்ள இரும்பு

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் செம்மண் நிலங்கள் மிகுதி. அம்மண்ணுக்குச் செந்நிறம் தருவது இரும்பு. நம் குருதியின் செந்நிறத்திற்கும் இரும்பே காரணமாகும். அது நிறம் தருவதோடு அமையாது, உயிரையும் தாங்கி நிற்கிறது.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு பிராணவாயு உள்ளது. அது நுரையீரலின் நுண்ணறைகளை அடைந்து, அவற்றைச் சூழ்ந்த தந்துகிகளின் மெல்லிய சுவர் வழியே குருதியிற் கலக்கிறது. பிராணவாயு நீரில் மிகச் சிறிதே கரையும். ஆதலின், செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே அதனைச் சுமந்து செல்கிறது. அப்புரதத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 இரும்பு அணுக்கள் உள்ளன. ஒவ்வோர் இரும்பணுவும் ஒரு பிராணவாயு மூலக்கூற்றைப் பற்றிக்கொள்ளும். உழைக்கும் தசையில் கரியமிலவாயுவும் வெப்பமும் மிகும்பொழுது அப்பிடி தளர்கிறது. பிராணவாயு அங்கே விடுபடுகிறது. உயிரணுக்கள் அதனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலைப் பெறுகின்றன. பற்றுமிடத்தில் பற்றி, வேண்டுமிடத்தில் விடுதலே இப்புரதத்தின் சிறப்பாகும்.

உடலில் இரும்புச் சத்துக் குறைந்தால் ஹீமோகுளோபினும் குறையும். அதனால் வருவது சோகை நோய். நுரையீரலில் காற்று நிறைந்திருந்தும், சுமப்பார் இன்மையால் உடல் பிராணவாயுவிற்கு ஏங்கும். இதயம் விரைந்து துடிக்கும். படியேறினால் மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் பதியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சோகை உடையவர் ஆவர்.

சோகை அனைத்தும் இரும்புக் குறைவால் வருவதன்று. நீலகிரிப் பழங்குடியினர் சிலரின் செவ்வணுக்கள் கதிர் அரிவாள் போல் வளையும் தன்மை உடையவை என்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் 1952-இல் வெளியிட்டனர். இஃது ஹீமோகுளோபினின் அமைப்பு மாறுவதால் வழிவழியாக வரும் குறை. பெற்றோர் இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்றவர்க்கு நோய் முற்றும். வளைந்து விறைத்த அணுக்கள் தந்துகிகளை அடைத்து வலியை விளைவிக்கும். இதற்கு இரும்பு மருந்தாகாது. ஆதலின், குருதியைச் சோதித்துக் காரணம் அறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும்.

இரும்புக் குறைவையோ பெரும்பாலும் எளிதில் தடுக்கலாம். கேழ்வரகு, பயறு, முருங்கைக்கீரை முதலியவற்றில் இரும்பு உண்டு. அவற்றுடன் நெல்லிக்கனியோ எலுமிச்சையோ சேர்ந்தால், உடல் அதனை மிகுதியாக ஏற்கும். உண்டவுடன் தேநீர் பருகினால் அது குறையும். கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுவதால், வெறுங்காலுடன் அசுத்தமான மண்ணில் நடத்தலாகாது. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையை உணவுக்குப் பின் தவறாது உட்கொள்ளல் நன்று. சோர்வைச் சோம்பல் என்று இகழாமல், அதன் காரணத்தை ஆராய்தலே அறிவுடைமை.