மாடி அறையில் ஒரு ஸ்பிட்ஃபயர்

பொங்கல் விழா முடிந்த மறு வாரம் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் குடும்பத்தோடு என் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாடி அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சாம்பல் பச்சை நிறப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, தண்ணித் தொட்டியா?" என்று ஒருவர் கேட்டார். விளக்கம் சொல்லி முடித்ததும், "அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இதழில் போடலாம்" என்றார் இன்னொருவர். அவர் ஆசிரியர் குழுவைச் சேர்ந்தவர். ஆகவே தப்ப வழியில்லை.

அது தண்ணீர்த் தொட்டி அல்ல. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை. அசலின் அளவிலேயே மரத்தில் செய்தது. இறக்கையும் இல்லை, எஞ்சினும் இல்லை. உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் எதிரே உள்ள டி.வி. திரையில் விமானம் அதற்கேற்பப் பறக்கும். இதைத்தான் சிமுலேட்டர் என்கிறார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மெக்கானிக்கல் டிப்ளமாக்காரன். 1983-இல் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் சேர்ந்து, 38 ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றேன். மனைவி காலமான பிறகு மகளோடு இங்கே வந்துவிட்டேன். ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரன் என்ன செய்வான்? "எல்லாரும் தோட்டம் போடுவாங்கப்பா" என்றாள் மகள். தோட்டமும் போட்டேன். வெண்டைக்காய் தின்று தீரவில்லை.

விமான ஆசைக்கு விதை பொன்மலையில் விழுந்தது. போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் விமானங்களையும் அந்தப் பட்டறையில் பழுது பார்த்திருக்கிறார்கள். நான் சேர்ந்தபோது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஒரு மூத்த ஃபிட்டர், பையனாக இருந்தபோது ஒரு காக்பிட்டுக்குள் இறங்கி வேலை செய்ததைச் சொல்வார். "தம்பி, டிராயிங்ல பாத்தா எல்லாம் கைக்கு எட்டும். உள்ள உக்காந்து பாரு, முழங்கை மடங்காது" என்பார். நாற்பது ஆண்டுகளாக அந்த முழங்கை என் மனதில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஏன் ஸ்பிட்ஃபயர்? 1944-இல் இந்திய விமானப் படையின் 8-ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஸ்பிட்ஃபயர் வந்தது. பர்மா முனையில் நம்மவர்கள் அதை ஓட்டினார்கள். 1947-இல் காஷ்மீரிலும் அது பறந்தது. இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 1940-இல் இங்கிலாந்தின் வானில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பிரிட்டிஷ் 234-ஆம் ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் சேர்க்கப்பட்டது, நம் மாகாணம் யுத்த நிதி கொடுத்ததற்காக. "தீவுக்குப் பொருத்தமா ஒரு ஜப்பான் விமானம் செய்திருக்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். 1942 மார்ச்சிலிருந்து 1945 வரை இங்கே ஜப்பானியர் நடத்திய ஆட்சியையும், விமானத் தளம் போட உள்ளூர் ஜனங்களைக் கட்டாயமாக வேலை வாங்கியதையும் பழைய குடும்பங்களில் இன்னும் சொல்கிறார்கள். அந்த விமானத்தை வீட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சிமுலேட்டர் கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவருடைய தகப்பனார் ஆர்கன் வாத்தியமும் தானாக வாசிக்கும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகன் அங்கிருந்த காற்றுத் துருத்திகளை எடுத்து, ஒரு குட்டி விமானப் பெட்டியின் அடியில் வைத்து, அது சாயவும் திரும்பவும் செய்தார். அது 1929. முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் அதற்கு மதிப்பு. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் வேலையை ஏற்று, மோசமான வானிலையில் பலர் மாண்டார்கள். அதன் பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. நம் ஊர் ஆர்மோனியத்தின் துருத்திக்கும் அதற்கும் தத்துவத்தில் அதிக தூரமில்லை.

இனி என் பெட்டிக்கு வருகிறேன். சட்டத்துக்கு மரைன் ப்ளைவுட், தாங்கு கட்டைகளுக்கு ஒரு தச்சரிடம் வாங்கிய படாக் மரத் துண்டுகள். ஆணி, ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ்.; சாதா இரும்பு போட்டால் இந்த உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தேன். கைப்பிடி எவ்வளவு சாய்ந்தது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு இருக்குமே, அந்த வகை பொட்டென்ஷியோமீட்டர் வைத்தேன். உள்ளே ஈரம் இறங்கி, திரையில் விமானம் காய்ச்சல்காரன் போல நடுங்கியது. பிறகு ஹால் சென்சாருக்கு மாறினேன். அதில் ஒரு சிறு காந்தம் நகர்வதைத் தொடாமலே சென்சார் உணர்கிறது. உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. சென்னையிலிருந்து கப்பல் வர மூன்று நாள் ஆகும் ஊரில், தேயாத பொருளே உத்தமம்.

ஸ்பிட்ஃபயரின் கைப்பிடி ஓர் அதிசயம். மேலே வட்ட வளையம். முன்னும் பின்னும் தள்ளினால் முழுத் தண்டும் அசையும். பக்கவாட்டில் சாய்த்தால் தண்டின் மேல் பாதி மட்டுமே மடங்கும். காரணம், விமானியின் இரண்டு தொடைகளுக்கும் நடுவே முழுத் தண்டும் சாய இடமில்லை! வளையத்திலேயே துப்பாக்கிப் பொத்தானும், சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிரேக் லிவரும் உண்டு.

அந்தப் பிரேக்கைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. சக்கரத்தின் பிரேக், இறங்கும்போது இறக்கையின் பின்புறம் மடங்கும் ஃப்ளாப், துப்பாக்கி இயக்கம் எல்லாம் அழுத்தக் காற்றில் வேலை செய்கின்றன. செயற்கைத் தொடுவானம் காட்டும் கைரோ கருவியோ வெற்றிடத்தால் சுழல்கிறது; எஞ்சின் ஓட்டும் பம்ப் காற்றை உறிஞ்ச, உள்ளே பாயும் காற்று கைரோவைச் சுற்றும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரயிலில் வேக்குவம் பிரேக், ஓய்வு பெறும்போது ஏர் பிரேக். என் உத்தியோகம் முழுவதும் அந்தக் குறுகலான அறைக்குள் இருந்தது! ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ரயிலில் குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பாதுகாப்பே அதில்தான். ஸ்பிட்ஃபயரில் காற்று போனால் பிரேக்கும் போயிற்று. ரயில்வேக்காரனுக்கு இது ஜீரணிக்கக் கஷ்டம். ஆகாயத்தில் போகும் வண்டிக்கு எடைதான் முதல் கவலை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். சக்கரத்தை மடக்கும் லிவரை இடது பக்கம் வைத்துவிட்டேன். வயர் இழுக்க அந்தப் பக்கம்தான் வசதி. பெயின்ட் அடித்து, எழுத்தும் எழுதியாயிற்று. பேத்தி பார்த்துவிட்டு "சூப்பர் தாத்தா" என்று சொல்லியும் விட்டாள். அசலில் அது வலது பக்கம். வேகம் கூட்டும் த்ராட்டில் இடது பக்கம். விமானம் தரையை விட்டு எழும்பியதும் விமானி த்ராட்டிலிலிருந்து இடது கையை எடுத்துக் கைப்பிடியைப் பிடித்து, வலது கையை விடுவித்து, லிவருக்குப் போக வேண்டும். ஆரம்ப கால ஸ்பிட்ஃபயர்களில் அங்கே கைப்பம்ப் இருந்தது. வலது கை பம்ப் அடிக்க, இடது கையும் கூடவே ஆட, புது விமானிகளின் விமானம் அலையில் போகும் தோணி மாதிரி ஏறி இறங்கிப் போகுமாம். பிறகு எஞ்சினே ஹைட்ராலிக் பம்பை ஓட்டியது. லிவர் மட்டும் வலது பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"இந்த ஊர்ல யாருக்குத் தெரியப் போகுது, விட்டுடுங்க" என்றார் மாப்பிள்ளை. உண்மைதான், யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் யோசித்தேன். அந்த அசௌகரியத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பெயின்ட் அடித்த நாற்காலி. பக்கத் தகட்டைப் பிரித்து, மூன்று வாரம் செலவழித்து வலது பக்கம் மாற்றினேன். மாற்றிய பிறகுதான் இன்னொன்று புரிந்தது. இடது கையை எடுத்ததும் த்ராட்டில் பின்னால் நழுவி வேகம் குறைந்தது. அசலில் அதை இறுக்கிப் பிடிக்க ஒரு உராய்வுத் திருகு உண்டு. அது எதற்கு என்று அதுவரை எனக்கு விளங்கவே இல்லை! சைக்கிள் பிரேக் ரப்பரை வைத்து ஒன்று செய்தேன்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. நடுவில் ஆறு வட்டங்கள். மேல் வரிசையில் வேகம், செயற்கைத் தொடுவானம், ஏறும் வீதம். கீழ் வரிசையில் உயரம், திசை, திருப்பம். முட்களைத் திருப்புவது கார் டேஷ்போர்டில் உள்ள சிறு ஸ்டெப்பர் மோட்டார். டி.சி.எஸ். வேர்ல்டு என்ற விளையாட்டு மென்பொருள் தரும் எண்களை ஆர்டுயினோ என்ற சிறு பலகை வாங்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. இந்த மோட்டார் 315 பாகைக்கு மேல் சுற்றாது. வேகமானிக்கு அது போதும். உயரமானியின் முள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமே, அதற்குத் தடையில்லாமல் சுற்றும் வேறு மோட்டார் தேவை. தெரியாமல் ஆறுக்கும் ஒரே ரகம் வாங்கியவன் நான்.

என் பெட்டி பொய் சொல்லும் இடமும் ஒன்று உண்டு. அசலில் மூக்கைத் தூக்கி இறக்குவது மிக லேசு. பக்கவாட்டில் சாய்ப்பது வேகம் கூடக் கூடக் கனக்கும். நான் முன்பின் அசைவுக்கு சைக்கிள் டியூப் ரப்பரும், பக்கவாட்டுக்கு கெட்டி ஸ்பிரிங்கும் போட்டிருக்கிறேன். ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாது. நின்றாலும் பறந்தாலும் ஒரே கனம்தான்.

"கண்ல மாட்ற ஹெட்செட் வாங்கினா உள்ள எல்லாமே தெரியுமே தாத்தா, எதுக்கு இவ்ளோ மரம்?" என்று பேத்தி ஆரம்பத்திலேயே கேட்டாள். தெரியும்தான். கை நீட்டினால் காற்றுதான் அகப்படும். அதை வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் நீங்கலாக 46,000 ரூபாயும் இரண்டு வருஷம் நான்கு மாதமும் ஆயிற்று.

வேலை முடிந்த அன்று அவளையே முதலில் உட்கார வைத்தேன். பதின்மூன்று வயது. நீண்ட மூக்கு மறைப்பதால் ஓடுபாதை நேராகத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். லிவரைப் பற்றியோ திருகைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. விமானம் எழும்பியது. கை மாற்றினாள். த்ராட்டில் நழுவியது, வலது கை லிவரைத் தேடியது, இடது கையும் கூடவே ஆடியது, திரையில் விமானம் தோணி மாதிரி குதித்துக் குதித்துப் போய்க் கடலில் விழுந்தது. "தாத்தா, இதை யாரு இந்தப் பக்கம் வச்சது?" என்று கத்தினாள். நான் கைதட்டியதில் அவளுக்கு ஒரே கோபம். அன்று மாலைக்குள் திருகைத் தானே கண்டுபிடித்து இறுக்கிக்கொண்டு ஏறினாள். நான் இன்னும் பத்துக்கு நான்கு முறை விழுகிறேன்.

சங்கத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை வரலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும்; மற்றவர்கள் சண்டை போடாமல் காத்திருக்க வேண்டும். பெடல் புதிது, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும். கரண்ட் போனால் என்னைத் திட்டக் கூடாது.