ஜூன் 6-ம் செஞ்சிக் கோட்டையும்: வரலாற்றுத் தேதிகளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் மாதம் பிறந்ததும் ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் வாட்ஸ்அப் குழுக்களில் செய்திகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். ஜூன் 3, இந்தியப் பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்ட நாள். ஜூன் 5, காயிதே மில்லத் பிறந்த நாள். அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் ஆறு நாள் போர் தொடங்கிய நாளும் அதுவே. ஜூன் 6, சிவாஜி ராய்கட் கோட்டையில் முடிசூடிய நாள். ஜூன் 8, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தான நாள் என்றும் ஆங்கிலத் தேதிப் பட்டியல்களில் போட்டிருப்பார்கள்.

இவற்றில் அவலூர்பேட்டை, மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்து மக்களுக்கு மிக நெருக்கமானது ஜூன் 6. 1674இல் முடிசூடிய சிவாஜி மூன்றே ஆண்டுகளில், 1677இல், செஞ்சிக் கோட்டையைத் தன் வசமாக்கினார். 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ அமைப்பு ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிராவில் உள்ளன. மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை நம் செஞ்சி.

நம் ஊருக்குப் பெருமை தரும் செய்திதான் இது. ஆனால் இதோடு சேர்ந்து வேறொன்றும் வருகிறது. செஞ்சியில் நடந்தவை எல்லாம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த போர்கள் என்று இரண்டு வரியில் சுருக்கிய செய்திகள் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. அதைப் படித்த பிள்ளை, “அத்தா, இதில் நாம எந்தப் பக்கம்?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தப் பதிலைத் தயாரித்துக்கொள்ள உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தேதி எந்தக் காலண்டருடையது?

முதலில் தேதியையே பார்ப்போம். சிவாஜியின் முடிசூட்டு விழா மராத்தியர் கணக்கில் சக ஆண்டு 1596, ஜேஷ்ட மாதம் வளர்பிறை 13ஆம் திதியில் நடந்தது. பம்பாயிலிருந்து வந்து அந்த விழாவில் கலந்துகொண்ட ஆங்கிலேயக் கம்பெனித் தூதர் ஹென்றி ஆக்ஸிண்டன். ஆங்கிலேயர்கள் அப்போது பின்பற்றியது பழைய ஜூலியன் காலண்டர். 1752இல்தான் அவர்கள் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டருக்கு மாறினார்கள். 1674இல் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். ஆகவே ஜூன் 6 என்பது பழைய கணக்கு. இன்றைய கணக்கில் அது ஜூன் 16. மகாராஷ்டிராவில் தேதிப்படி ஒரு முறையும் திதிப்படி ஒரு முறையும் விழா எடுக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்களின் வஃபாத்துக்குச் சொல்லப்படும் ஜூன் 8, 632 என்பதும் இப்படித்தான். ஹிஜ்ரி 11, ரபீஉல் அவ்வல் 12 என்று பரவலாகச் சொல்லப்படும் நாளைப் பிற்காலத்தவர்கள் ஜூலியன் காலண்டருக்கு மாற்றிப் போட்ட தேதி அது. அது திங்கட்கிழமை என்பது ஹதீஸில் உள்ளது. பிறை எத்தனை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்கள் கொண்டது. ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. எனவே ரபீஉல் அவ்வல் ஜூன் மாதத்தில் நிற்காது, எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால், காலண்டரில் அச்சான தேதி மனிதர்கள் போட்ட கணக்கு, அதற்கும் பின்னணி உண்டு என்பது அவர்களுக்குப் புரியும். இனி அந்தத் தேதிக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பார்க்கலாம்.

யார் யாரோடு நின்றார்கள்?

முடிசூட்டுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1665இல், இதே ஜூன் மாதத்தில்தான் புரந்தர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி சிவாஜி 23 கோட்டைகளை முகலாயர்களிடம் ஒப்படைத்தார். அவரைப் பணிய வைத்த முகலாயத் தளபதி யார்? ராஜபுத்திர மன்னர் மிர்ஸா ராஜா ஜெய்சிங். ஔரங்கசீப்பின் படையை நடத்தி வந்தவர் ஓர் இந்து மன்னர். அதே காலத்தில் சிவாஜியின் கடற்படையில் தளபதியாக இருந்தவர் தவ்லத் கான் என்ற முஸ்லிம்.

1677இல் சிவாஜி தெற்கே வந்தபோது முதலில் ஹைதராபாத் சென்று கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசன் குதுப்ஷாவுடன் உடன்பாடு செய்துகொண்டார். பணமும் பீரங்கி உதவியும் சுல்தானிடமிருந்து கிடைத்தன. அந்த உதவியோடுதான் அவர் செஞ்சிக்கு வந்தார். அப்போது கோட்டை யார் கையில் இருந்தது? பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடம். 1649 வாக்கில் செஞ்சி நாயக்கர்களிடமிருந்து அதைப் பிடித்தவர்கள் பீஜப்பூர் படையினர். ஆக, ஒரு முஸ்லிம் சுல்தானின் உதவியோடு இன்னொரு முஸ்லிம் சுல்தானின் கோட்டை சிவாஜியிடம் போனது. அதே பயணத்தில் தஞ்சையை ஆண்ட தன் மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜியோடும் சிவாஜிக்குச் சொத்துத் தகராறு வந்தது. தந்தையின் சொத்தில் பங்கு கேட்டுத் தொடங்கிய பிணக்கு போரில் முடிந்தது.

அடுத்து 1689இல் சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டே முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டார். முற்றுகை 1698 தொடக்கம் வரை நீண்டது. இந்த முற்றுகைப் படையில் ராவ் தல்பத் புந்தேலா போன்ற ராஜபுத்திரர்கள் இருந்தார்கள். தல்பத்திடம் பணியாற்றிய பீம்சேன் என்ற இந்து எழுத்தர் தான் கண்டவற்றைப் பாரசீக மொழியில் எழுதி வைத்தார். செஞ்சி முற்றுகையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி அவர் தந்தது.

மறுபுறம், ஔரங்கசீப்பின் சொந்த மகன் இளவரசர் காம் பக்ஷ் ராஜாராமுடன் ரகசியமாகத் தொடர்பு வைத்ததாகக் கூறி, முகலாயத் தளபதிகளே அவரைக் கைது செய்தார்கள். கோட்டை விழும் முன் ராஜாராம் தப்பிப் போனார். ஜுல்பிகார் கானே கண்டும் காணாமல் விட்டார் என்று அக்காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். கோட்டைக்கு அவருடைய பட்டப்பெயரால் நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதன் பொறுப்பை ஔரங்கசீப் ஒப்படைத்தது சரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரரிடம்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், எந்த இடத்திலும் எல்லா இந்துக்களும் ஒரு பக்கம், எல்லா முஸ்லிம்களும் மறு பக்கம் என்ற நிலை இருந்ததில்லை. சண்டை நடந்தது வரிக்காக, கோட்டைக்காக, வாரிசு உரிமைக்காக.

அதற்காக மதத்தின் பெயரால் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. ஔரங்கசீப் 1679இல் ஜிஸ்யா வரியை மீண்டும் விதித்தார். 1689இல் சிவாஜியின் மூத்த மகன் சாம்பாஜி கொடுமையாகக் கொல்லப்பட்டார். இவற்றை மறைத்துப் பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. நமக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயம் 135ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. ஒரு மன்னர் முஸ்லிம் என்பதற்காக அவர் செய்ததை எல்லாம் நாம் சுமக்க வேண்டியதில்லை. அதேபோல், அவர் செய்தவற்றுக்கு நம் பிள்ளைகள் யாரிடமும் தலைகுனிந்து நிற்க வேண்டியதும் இல்லை.

நீலாம்பூண்டியில் இருக்கும் அடக்கத்தலம்

சரூப் சிங்கின் மகன்தான் தேஜ் சிங். நம் மக்கள் தேசிங்கு ராஜா என்று அழைப்பது இவரைத்தான். தந்தை இறந்ததும் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். கட்ட வேண்டிய கப்பத்தைக் கேட்டு ஆற்காடு நவாப் சஅதுல்லா கான் படையோடு வந்தார். 1714 அக்டோபர் 3 அன்று நடந்த போரில் இளைஞரான தேசிங்கு மாண்டார்.

அந்தப் போரில் அவரோடு சேர்ந்து உயிர் கொடுத்தவர் அவருடைய நண்பர் மஹபத் கான். நவாபும் முஸ்லிம், மஹபத் கானும் முஸ்லிம். ஆனால் அவர் நின்றது தன் நண்பனின் பக்கம். திருமணத்துக்குத் தயாராகிக் கொண்டிருந்தவர் செய்தி கேட்டதும் போர்க்களத்துக்கு வந்தார் என்று தேசிங்கு ராஜன் கதை சொல்கிறது. அவருடைய அடக்கத்தலம் செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் இருக்கிறது. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இந்த இருவரின் பெயரையும் பிரிக்காமல் சொல்வது நம் வட்டார வழக்கம். வென்ற நவாபைவிடத் தோற்ற இந்த இரண்டு நண்பர்களையே மக்கள் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

வென்றவரின் அடையாளமும் கோட்டையில் இருக்கிறது. சஅதுல்லா கான் பெயரால் 1717–18இல் எழுந்த பள்ளிவாசலை இன்றும் பார்க்கலாம். அதே கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் நிற்கிறது. பின்னர் 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். வெற்றி தோல்வியின் நாட்களை அல்லாஹ் மனிதர்களிடையே மாறி மாறி வரச் செய்கிறான் என்று ஆலு இம்ரான் அத்தியாயம் 140ஆம் வசனம் சொல்வதை, ராஜகிரி மலையின் அடிவாரத்தில் நின்று பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 3-ம் ஜூன் 5-ம்

“நாம எந்தப் பக்கம்?” என்ற கேள்வி மன்னர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1947 ஜூன் 3 அன்று வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பிரிவினைத் திட்டத்தை அறிவித்தார். ஆகஸ்ட் 15-க்கு அப்போது 73 நாட்களே இருந்தன. அந்தக் குறுகிய காலத்தில் பஞ்சாபும் வங்காளமும் பிளக்கப்பட்டன. லட்சக்கணக்கான இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் உயிரிழந்தார்கள். கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து எல்லை கடந்தார்கள்.

எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருந்த தமிழக முஸ்லிம்கள் முன்னும் அந்தக் கேள்வி வந்து நின்றது. அதற்குப் பதில் சொன்னவர்களில் முதன்மையானவர் ஜூன் 5, 1896இல் திருநெல்வேலியில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அவருடைய தலைமையில் உருவானது. நாடு பிரிந்து ஏழே மாதங்களில், முஸ்லிம் லீக் என்ற பெயரே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட நேரம் அது. இந்த நாட்டின் குடிமக்களாக, இந்த நாட்டின் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு நம் உரிமைகளைக் கேட்போம் என்பதே அவர் எடுத்த நிலை. அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினருக்காக வாதாடிய அவர், ஆட்சிமொழி விவாதத்தில் தமிழுக்காகவும் குரல் கொடுத்தார். 1972 ஏப்ரல் 5 அன்று மறைந்த அவர் சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதே ஜூன் 5-இல், 1967ஆம் ஆண்டு தொடங்கிய போர் ஆறே நாட்களில் முடிந்தது. ஜூன் 7 அன்று மஸ்ஜிதுல் அக்ஸா இருக்கும் பழைய ஜெருசலம் இஸ்ரேல் படையின் கைக்குப் போனது. ஆறு நாளில் முடிந்த அந்தப் போரின் விளைவுகளை பலஸ்தீனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வருகின்றன. எந்தப் போரின் ஆண்டு நாளைப் பேசினாலும், அதற்குப் பிறகு அங்கிருந்த சாமானிய மக்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பள்ளி விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவலூர்பேட்டையிலிருந்து காலையில் கிளம்பினால் ராஜகிரியும் பள்ளிவாசலும் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். நீலாம்பூண்டிக்கும் போய், மஹபத் கான் யார், ஏன் இறந்தார் என்று சொல்லுங்கள். ‘வரலாற்றில் இன்று’ செய்தி வந்தால் உடனே அடுத்தவருக்கு அனுப்பாமல், எந்தக் காலண்டர் தேதி, எந்தப் பக்கம் யார் யார் நின்றார்கள் என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஜூன் 5 அன்று காயிதே மில்லத் பற்றி மதரஸா பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினாலும் பயன் உண்டு.

“நாம எந்தப் பக்கம்?” என்று பிள்ளை கேட்டால் தயங்க வேண்டாம். நியாயத்தின் பக்கம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர்களின் பக்கம், நம்மோடு வாழும் அண்டை வீட்டாரின் பக்கம் என்று சொல்லுங்கள். நாம் பிறந்து வளர்ந்த இந்த மண்ணின் வரலாற்றில் இந்தப் பதிலுக்கு ஆதாரம் இருக்கிறது.

உண்மையை அறிந்து, அதை நீதியோடு எடுத்துச் சொல்லும் மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.