முன்விளக்கின் மட்டமும் எதிரே வருபவரின் கண்ணும்

மோட்டார் வாகனமொன்றிற் பழுது ஏற்படுமிடத்து அதன் துன்பத்தை முதலில் அனுபவிப்பவர் பெரும்பாலும் அதனை ஓட்டுபவரேயாவர். பிரேக் தளர்ந்தால் அவர் உடனே அறிவார். பற்றரி இறங்கினால் அவரே இறங்கித் தள்ளுவார். இப்பொது விதிக்குப் புறம்பான பழுதுகளும் உள. முன்விளக்கின் ஒளிக்கற்றையைத் தானாகவே உயர்த்தித் தாழ்த்தும் பொறிமுறை பழுதடைந்து, கற்றை மேல்நோக்கி நின்றுவிடுமாயின், ஓட்டுபவருக்குத் தெரு முன்னிலும் நன்றாகவே தெரியும். கண் கூசுவது எதிரே வருபவருக்கு. கணப்பொழுது குருடாகித் தெருவோரத்தைத் தவறவிடுபவர் பெரும்பாலும் சைக்கிளிலோ நடந்தோ வருபவர். தம்மைத் துன்புறுத்தாத பழுதை உரிமையாளர் தேடிச் சென்று திருத்துவது அரிது. இக்காரணம் பற்றியே இப்பழுதினைக் கண்டறியும் வழியை இங்கு சற்று விரிவாக நோக்க முற்படுகின்றோம்.

விளக்கின் மட்டத்தைச் சுமைக்கேற்ப மாற்றவேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1948 இல் அறிமுகமான சித்ரோன் 2சீவீ என்னும் எளிய காரிலேயே, ஓட்டுபவர் கையாற் திருகி விளக்கைத் தாழ்த்தும் ஏற்பாடு இருந்தது. அதே நிறுவனத்தின் டீஎஸ் கார் 1967 இல் இதனைத் தானியங்கச் செய்தது. எனினும் இவ்வமைப்பு பரவலானது செனன் விளக்குகளின் வருகைக்குப் பின்னரேயாகும். 1991 இல் பீஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் முதன்முதலிற் பொருத்தப்பட்ட இவ்விளக்கு, 35 வாற்று வலுவிலேயே ஏறத்தாழ 3200 லூமன் ஒளியைத் தரவல்லது. 55 வாற்று அலசன் விளக்கு தருவது அதன் அரைப்பங்களவே. இத்துணை ஒளி தவறான திசையிற் செல்லுதல் ஆபத்தானது என்பதனால், 2000 லூமனுக்கு மேற்பட்ட தாழ்கற்றை விளக்குகளுக்குத் தானியங்கு மட்டமாக்கல் ஐரோப்பிய ஒழுங்குவிதிகளிற் கட்டாயமாக்கப்பட்டது.

ஆபத்தின் அளவை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். தாழ்கற்றையானது 10 மீற்றர் தூரத்தில் 10 சென்ரிமீற்றர் தாழுமாறு, அதாவது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில், பொதுவாக வைக்கப்படுகின்றது. விளக்கு நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பின், ஒளியின் மேல்விளிம்பு 65 மீற்றர் தூரத்தில் நிலத்தைத் தொடும். இனி, முன்பின் சக்கரங்களுக்கிடையே 260 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள காரொன்றின் பின் இருக்கையில் மூவர் அமர்ந்து, டிக்கியில் அரிசி மூடையும் ஏற்றப்பட, பின்பகுதி 5 சென்ரிமீற்றர் பதிகின்றது எனக் கொள்வோம். காரின் மூக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 1.9 நிமிரும். முன்னைய சரிவு முற்றாக அழிந்து, கற்றை நூற்றுக்கு 0.9 அளவில் மேனோக்கிச் செல்லும். 50 மீற்றர் தூரத்தில் அதன் விளிம்பு 110 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் இருக்கும் உயரமும் ஏறத்தாழ அதுவேயாகும். வெறும் 5 சென்ரிமீற்றர் பதிவின் விளைவு இது.

இதனைத் தடுக்கும் அமைப்பு மூன்று உறுப்புக்களாலானது. பின் அச்சின் அருகே, சில கார்களில் முன்பக்கத்திலும், ஓர் உயர உணரி உடலோடு பொருத்தப்பட்டிருக்கும். அதன் சிறு நெம்பு ஒரு மெல்லிய கோலினாற் சக்கரத்தைத் தாங்கும் கையுடன் இணைக்கப்பட்டிருக்கும். கார் பதிய நெம்பு திரும்பும். திரும்பும் கோணம் வோல்ற்றளவாக மாறும். கட்டுப்பாட்டலகு அதனைத் தன் நினைவிலுள்ள சுழிநிலையுடன் ஒப்பிட்டு, விளக்கினுள் இருக்கும் சிறு மோட்டர்களை இயக்கும். உணரி பொய் சொன்னால் அலகும் அப்பொய்யையே நம்பும் என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பழுது நாடுபவர் முதலிற் செய்யவேண்டியது கருவிகளைத் தேடுவதன்று. ரயர்களிற் காற்று சரிபார்த்து, மட்டமான நிலத்தில், சுவரொன்றுக்கு 10 மீற்றர் முன்னே வெறுங்காரை நிறுத்தி, விளக்கை ஏற்றவேண்டும். இவ்வகைக் கார்கள் பலவற்றில், விளக்கு எரிந்தவுடன் கற்றை ஒருமுறை தாழ்ந்து உயர்ந்து தன் இடத்தில் நிலைகொள்ளும். இரு விளக்குகளும் இவ்வாறு அசையுமாயின் மோட்டர்களும் அவற்றுக்கான மின்னிணைப்பும் செம்மையாக உள்ளன. ஒன்று மட்டும் அசையாவிடிற் பழுது அவ்விளக்கினுள்ளேயே உண்டு: மோட்டரின் பற்சில்லு தேய்ந்திருக்கலாம், அல்லது தெறிப்பியைப் பிடிக்கும் பிளாத்திக்குக் கிண்ணம் பல்லாண்டு வெப்பத்தில் நொறுங்கியிருக்கலாம். இரண்டுமே அசையாவிடின் உருகியையும், கட்டுப்பாட்டலகின் மின்வழங்கலையும், உணரியின் இணைப்பியையும் அவ்வொழுங்கிற் பார்த்தல் வேண்டும். அடுத்து, சுவரில் ஒளிவிளிம்பைச் சோக்கினாற் குறித்துவிட்டு, இருவரைப் பின்னிருக்கையில் அமரச் செய்க. விளிம்பு முதலில் மேலேறிச் சில வினாடிகளிற் கோட்டுக்கு மீளவேண்டும். மீளாவிடின், காரின் அடியிற் படுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அங்கேதான் பழுது மிகப் பெரும்பாலும் குடியிருக்கின்றது. கோலின் இரு முனைகளிலும் உள்ள பந்துக்கிண்ண மூட்டுகள் சேற்றையும் உப்பையும் ஓயாது ஏற்பவை. ஐரோப்பாவிற் பனியை உருக்கத் தெருவிற் தூவும் உப்பு செய்வதை நமது கரையோரங்களிற் கடற்காற்று செய்கின்றது. மூட்டு இறுகினாற் கோல் வளையும் அல்லது ஒடியும். சஸ்பென்ஷன் வேலைக்குப் பின் கோலை மீளப் பூட்ட மறத்தலும், தாழ்ந்த சுருள்வில்லைப் போட்டுவிட்டு உணரியை நினையாதிருத்தலும் உண்டு. கோல் செம்மையாயின் மீற்றரை எடுக்கலாம். உணரிகள் பலவற்றுக்கு 5 வோல்ற்று வழங்கப்படுகின்றது. நெம்பைக் கையால் மெல்ல அசைக்கும்போது வெளிவரும் வோல்ற்றளவு இடையறாது ஏறி இறங்கவேண்டும். இடையிற் துள்ளினாலோ அசையாது நின்றாலோ உணரி பழுது. (செனன் விளக்கின் பின்புற இணைப்பை எவரும் தொடலாகாது. அது 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட துடிப்பினாற் பற்றவைக்கப்படுவது.)

கராஜ்களில் வழங்கும் 'வைத்தியம்' வேறு. விளக்கின் திருகாணியைச் சுற்றிக் கற்றையை நன்கு தாழ்த்தி அனுப்பிவிடுவர். வெறுங்காரில் ஓட்டுபவருக்கு இருபது மீற்றருக்கப்பால் இருள். பாரம் ஏற்றினாற் பழையபடி எதிரே வருபவருக்குக் கூச்சம். பழுது அப்படியே இருக்கும். எனினும் மெக்கானிக்கை மட்டும் குறைகூறல் நியாயமன்று. உணரியை மாற்றியபின் சுழிநிலையை அலகின் நினைவிற் பதிக்கக் கணினிக் கருவி வேண்டும். மோட்டர் தனியே கிடையாது, விளக்கு முழுவதையும் வாங்கு என்பர். பொருளை விற்றவர் அறிவை விற்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கிய இலங்கையில், முதிய கார்கள் தெருவில் நீடித்தன. அவற்றின் விளக்குகளும் நீடித்தன.

அண்மையில் நாம் பார்த்த ஐரோப்பியக் காரொன்றின் கதை இதற்குப் பொருந்தும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. தொடக்க அசைவு இரு பக்கமும் ஒழுங்காக இருந்தது. கட்டுப்பாட்டலகை மாற்றும்படி இருவர் ஏற்கெனவே ஆலோசனை கூறியிருந்தனர். அடியிற் பார்த்தபோது, பின் உணரிக் கோலின் கீழ்மூட்டு கழன்றிருந்தது. நெம்போ காய்ந்த செம்மண்ணில் இறுகி, வெறுங்காரின் நிலையிலேயே நின்றது. வயர் அறுந்திருந்தால் அலகு கண்டுபிடித்திருக்கும். ஏற்கத்தக்க வோல்ற்றளவொன்று இடையறாது வந்துகொண்டிருந்தமையால், கார் எப்போதும் வெறுமையாகவே ஓடுகின்றது என அது நம்பியிருந்தது. நெம்பைக் கழுவி இளக்கி, அதே நீளத்திற் புதிய கோலொன்றைப் பூட்டி, கருவியுள்ள ஓரிடத்திற் சுழிநிலையைப் பதிப்பித்தோம். அன்று மாலை சுவரின் முன் நிறுத்தி இருவரைப் பின்னே அமர்த்தியபோது, மேலேறிய ஒளிவிளிம்பு சில வினாடிகளிற் சோக்குக் கோட்டில் வந்து நின்றது.