92 விநாடி

ஓ.பி.யில் உட்காரும் டாக்டர்களிடம், "நோயாளி சொல்ல வந்ததை முழுசா சொல்ல விட்டா என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "விட்டா முடிக்கவே மாட்டாங்க. வெளியில கூட்டம் நிக்குது." இது சாக்கு அல்ல, தங்கள் அனுபவம் இதுதான் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்த நம்பிக்கையைக் கடிகாரம் வைத்துச் சோதித்தார்கள். நோயாளி வந்து அமர்ந்ததும் "சொல்லுங்கள்" என்பார் மருத்துவர். அதன்பின் நோயாளி தானாக நிறுத்தும்வரை மருத்துவர் குறுக்கே பேசக் கூடாது. ஸ்டாப்வாட்ச் நோயாளியின் கண்ணில் படாமல் ஓடியது. மொத்தம் 335 பேர். சராசரியாக அவர்கள் பேசியது 92 விநாடி. 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர். அவர்கள் சொன்னதும் குறுக்கிடாமல் கேட்டிருக்க வேண்டிய விஷயம்தான் என்று மருத்துவர்களே சொன்னார்கள். இந்த முடிவுகள் 2002இல் வெளியாயின.

யாரும் கடிகாரம் வைத்துக் கட்டுப்படுத்தாதபோது என்ன நடக்கிறது? 1984இல் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 சந்திப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க முடிந்தது 17 பேரால் மட்டும். 1999இல் அனுபவமுள்ள குடும்ப மருத்துவர்களிடம் அதையே பார்த்தபோது 23 விநாடி என்று வந்தது. அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு ஓர் எண். முழுவதும் பேச விடப்பட்டவர்கள், இடையில் திசை திருப்பப்பட்டவர்களைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக ஆறு விநாடி. வெறும் ஆறு விநாடியை மிச்சப்படுத்தத்தான் இத்தனை அவசரம்.

அதற்குக் கொடுக்கும் விலையும் பதிவுகளிலேயே இருக்கிறது. நோயாளி முதலில் சொல்லும் தொந்தரவுதான் முக்கியமானது என்று நினைத்து மருத்துவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் சொல்லும் வரிசைக்கும் தொந்தரவின் தீவிரத்துக்கும் தொடர்பில்லை. வயிற்றெரிச்சலை முதலில் சொன்னவர், மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது, "அப்புறம் டாக்டர், மாடி ஏறினா நெஞ்சு கொஞ்சம் அடைக்குது" என்பார்.

பேச்சு என்பது மரியாதைக்குக் கேட்டுக்கொள்வது, நோயைக் கண்டுபிடிப்பது ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் என்று எண்ணுவோருக்கு இன்னொன்று. 1975இல் பிரிட்டனின் ஜான் ஹாம்ப்டன் குழு புதிதாக வந்த 80 நோயாளிகளை ஆராய்ந்தது. அவர்களில் 66 பேருக்குக் குடும்ப மருத்துவரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்ட கட்டத்திலேயே நோய் இன்னதென்று சரியாகச் சொல்ல முடிந்திருந்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. நெஞ்சு அடைக்கிறது என்பதை இன்றும் நோயாளி வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்கியது ஒலிநாடாக்களுக்கு முன்பே. பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதாரச் சேவை வந்ததும், தெருவுக்குத் தெரு இருந்த பொது மருத்துவர்களின் அறைகள் நிரம்பி வழிந்தன. எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத வலிகளோடு திரும்பத் திரும்ப வருபவர்களை என்ன செய்வது? புடாபெஸ்ட்டில் பிறந்து லண்டனில் குடியேறிய மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர், 1950களில் டாவிஸ்டாக் கிளினிக்கில் இந்த மருத்துவர்களை வாரம்தோறும் கூட்டினார். அவர் பாடம் நடத்தவில்லை. தன்னைத் தூங்கவிடாத ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டார்கள். 1957இல் வெளியான அவருடைய புத்தகத்தின் மையக் கருத்து இது: மருத்துவர் அதிகம் தருகிற மருந்து அவர்தான், ஆனால் அந்த மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. கைராசிக்கார டாக்டர் என்று நம் ஊரில் தேடிப் போகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைத்தான், அந்த மருந்து சில நேரம் கெடுதலும் செய்யும் என்பதைத்தான், பாலின்டின் கூட்டங்கள் நேர்மையாகப் பேசின. நோயாளியை மையமாக வைக்கும் மருத்துவம் என்று 1969இல் இதற்குப் பெயர் கொடுத்தவர் அவருடைய மனைவி ஈனிட் பாலின்ட்.

அதைக் கற்றுத்தரக்கூடிய முறையாக ஆக்கியது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரம். 1968இல் இங்கிலாந்திலிருந்து அங்கே குடும்ப மருத்துவப் பேராசிரியராகப் போன இயன் மெக்வின்னியும், அவரோடு மொய்ரா ஸ்டூவர்ட்டும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜோசப் லெவன்ஸ்டீனும் அதை வகுத்தார்கள். நோய் என்ன என்று தேடும்போதே, இந்த மனிதர் அதை எப்படி எண்ணுகிறார், எதற்குப் பயப்படுகிறார், அன்றாட வேலையில் எது நின்றுபோயிருக்கிறது, நம்மிடம் எதை எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்பதையும் தேட வேண்டும். ஒரு பெண் தலைவலி என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டு வாரமா வலி. பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்கிறார். "வலி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று டாக்டர் கேட்கிறார். அவசியமான கேள்விதான். ஆனால் பெரியம்மா அங்கேயே கைவிடப்பட்டார். "பெரியம்மாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருந்தால் மூளைக் கட்டி என்ற பயம் மேசைக்கு வந்திருக்கும். அது வராததால், மாத்திரையோடு வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் ஸ்கேன் எழுதி வாங்கப் போவார்.

ஒன்டாரியோவிலேயே தலைவலியோடு வந்தவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். யாருக்கு வலி தீர்ந்தது என்பதோடு அதிகம் ஒத்துப்போனது, முதல் நாளே தலைவலியைப் பற்றி முழுதாகப் பேச முடிந்தது என்ற அவர்களின் உணர்வு. 2000இல் ஸ்டூவர்ட் குழு 39 குடும்ப மருத்துவர்களையும் 315 நோயாளிகளையும் ஆராய்ந்தபோது இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. ஒலிநாடாவைக் கேட்டு ஆய்வாளர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் குணமாவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 'டாக்டரும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம்' என்று உணர்ந்த நோயாளிகளே நன்றாகத் தேறினார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் அவர்களுக்குத் தேவைப்பட்ட பரிசோதனைகளும் குறைவு. வெளியிலிருந்து பார்த்து இதை அளக்க முடியாது. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும்.

மருத்துவர்களின் இரண்டு ஆட்சேபங்களைச் சொல்லாமல் போவது அநியாயம். முதலாவது, "கேட்பதையெல்லாம் கொடுக்கச் சொல்கிறீர்களா? ஊசி போட்டால்தான் ஆச்சு என்கிறாரே?" இல்லை. எதிர்பார்ப்பைத் தெரிந்துகொள்வது வேறு, அதற்கு இணங்குவது வேறு. கேட்காமல் ஊகிப்பதில்தான் ஆபத்து. 1997இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மருந்தை எதிர்பார்த்த நோயாளிக்கு அது எழுதித் தரப்படும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் நினைத்துவிட்டாலோ பத்து மடங்கு.

இரண்டாவது நேரம். அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் கிடைப்பது 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதில் 92 விநாடியைக் கேட்பதற்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 28 விநாடி. எந்த நல்ல மனசும் அந்த 28 விநாடிக்குள் ரத்த அழுத்தம் பார்த்து, மருந்து எழுதி, விளக்கமும் சொல்லிவிட முடியாது. டாக்டரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு முன்னால் நிற்கிற வரிசையைக் குறைக்க வேண்டும்.

ஆனால் அமெரிக்க மருத்துவரும் ஆய்வாளருமான பார்பரா ஸ்டார்ஃபீல்ட், 2011இல் தான் இறந்த ஆண்டில், இந்தக் கணக்கையே வேறு பக்கம் திருப்பினார். ஒரு சந்திப்பை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் மனிதரைப் புரிந்துகொண்டதாகாது. பல ஆண்டுகளில், பல சந்திப்புகளில் சேர்கிற அறிவே அது என்றார். பெரியம்மாவின் கதையை ஒருமுறை கேட்டுவிட்ட டாக்டருக்கு அடுத்த முறை அதற்கு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

நார்வேயில் 2001 முதல் ஏறக்குறைய எல்லோருக்கும் பெயர் குறித்த ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே மருத்துவரிடம் இருந்தவர்களை, தங்கள் மருத்துவரிடம் ஓராண்டாக மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும் இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் குறைந்திருந்தன. ஆண்டு கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது. இரண்டு, மூன்று ஆண்டு உறவிலேயே இறக்கும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம் குறைந்து தெரிந்தது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊர்க்காரர்களின் முகம் பழகிய டாக்டருக்கு மாற்றல் உத்தரவு போடுகிறவர்களின் மேசையில் இந்த எண்ணும் இருக்க வேண்டும்.