பெட்டியில் பத்திரமாக இருந்தும் வெளுத்துப்போகும் ரசீது: காப்பது எப்படி?

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எழுதி வாங்கிய ரசீதிலேயே எழுத்து மறைந்துவிட்டால் யாரிடம் போய் அழுவது? இன்று பல வீடுகளில் நடப்பது இதுதான்.

கூலியில் மிச்சம் பிடித்து ஒருவர் மிக்ஸி வாங்குகிறார். இரண்டு வருட உத்தரவாதம். பில்லை நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் வைக்கிறார். ஒன்றரை வருடம் கழித்து மோட்டார் நின்றுபோகிறது. பில்லைத் தேடி எடுத்தால், கையில் இருப்பது வெறும் வெள்ளைத் தாள்! "பில் இல்லாமல் நாங்கள் என்ன செய்வது?" என்று கடைக்காரர் கையை விரிக்கிறார்.

அவர் பில்லைத் தொலைக்கவில்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தார். வைத்த விதம்தான் அதைக் கெடுத்துவிட்டது.

மையில்லாத எழுத்து

கடை பில், ஏ.டி.எம். சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது, பஸ் கண்டக்டரின் கையடக்க இயந்திரம் கிழித்துத் தரும் டிக்கெட் ஆகியவை பெரும்பாலும் தெர்மல் காகிதத்தில் அச்சாகின்றன. இதற்கு மையும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம். தாளின் ஒரு பக்கத்தில் நிறமற்ற சாயமும், அதற்கு நிறமூட்டும் அமிலத் தன்மையுள்ள ஒரு பொருளும் மெல்லிய பூச்சாகத் தடவப்பட்டிருக்கின்றன. இயந்திரத்தின் சூடான முனை பட்ட இடத்தில் இவை உருகிக் கலந்து கறுப்பாகின்றன. அதுவே எழுத்து.

உங்கள் கையில் இருப்பது இந்த ரகமா என்று அறிவது சுலபம். தாளின் ஓரத்தில் நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் காகிதம்.

சூட்டினால் பிறந்த எழுத்து சூட்டினாலேயே கெடும். ரகத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் தாள் முழுவதும் கறுக்கத் தொடங்கும். ஆகவே, காகிதம் கிழியாமல் இருக்கட்டும் என்று எண்ணி லாமினேஷன் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். அந்த இயந்திரத்தின் சூட்டில் ரசீது கரிப்பலகையாகிவிடும். மடிப்பை நீக்க இஸ்திரிப் பெட்டி வைப்பதும் அப்படியே.

எழுத்தை அழிக்கும் பகைவர்கள்

சூடு தாளைக் கறுக்க வைக்கும். வேறு சில பொருள்கள் எழுத்தை வெளுக்க வைக்கும். அவற்றில் முக்கியமானது வளைந்து கொடுக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக். அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற இரசாயனம் மெல்லக் கசிந்து தாளில் ஏறி எழுத்தைக் கரைத்துவிடும். பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் அறையும், பாஸ்புக் உறையும் இந்த வகையாக இருக்கலாம்.

தலை எண்ணெய், சமையல் எண்ணெய், கை வியர்வை, வெயில், டியூப் லைட் வெளிச்சம், ஒட்டுப் பசை, செல்லோடேப், கலர் மார்க்கர் ஆகியவையும் ஆகாதவை. மும்பையில் வாழும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டிவிடுகிறது. கோடையிலோ தகரக் கூரையின் கீழ் அடுப்புச் சூடு. இரண்டுமே தெர்மல் காகிதத்துக்கு எதிரிகள்.

வாங்கிய அன்றே செய்க

1990-களில் அலுவலகங்களில் ஃபாக்ஸ் இயந்திரத்தோடு பழகிய குமாஸ்தாக்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். பல இயந்திரங்களில் உருளையாக வந்த தாள் இதே ரகம்தான். செய்தி வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலைத்தான் கோப்பில் சேர்ப்பார்கள். அந்த வழக்கத்தை நாம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

உத்தரவாதமுள்ள பொருள், நகை, மருத்துவச் செலவு, ஊருக்குப் பணம் அனுப்பியது ஆகியவற்றின் ரசீதுகளை அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். செல்போனிலும் நேராக வைத்து ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் படம் இருக்கும்.

அசலை எறிந்துவிடக் கூடாது. அதைச் சாதாரணக் காகித உறையில் போட்டு, மேலே பென்சிலால் பொருளின் பெயரும் தேதியும் எழுதி, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அடுப்புக்கு அருகிலோ, டி.வி.யின் மேலோ வேண்டாம். நன்றாக வைத்தால் சாதாரண ரகமே ஐந்து ஆண்டுக்கு மேல் தாங்கும்.

வாக்கு எந்திரத்தோடு இணைந்த விவிபாட் கருவி, 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது. அது அச்சிடும் சீட்டும் தெர்மல் காகிதமே. வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் அந்தச் சீட்டுகளைத் தடித்த கறுப்புக் காகித உறையிலிட்டு முத்திரை வைக்கிறார்கள். வெளிச்சம் படாத காகித உறை நம் ரசீதுக்கும் ஏற்றதுதான்.

அழுக்கும் ஈரமும்

தூசு படிந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் இலேசாகத் தட்டிவிட்டால் போதும். ஈரத்துணி, ஸ்பிரிட், சானிட்டைசர் எதுவும் கூடாது. மழையில் நனைந்துவிட்டால் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மெல்ல ஒற்றி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலில் போடாதீர்கள்.

எழுத்து மங்கிவிட்டதா? முதலில் செல்போனில் படம் எடுத்து, அதில் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து பல சமயம் படத்தில் தெரியும். முற்றிலும் வெளுத்த தாளை இலேசாகச் சூடு காட்டினால், சுற்றுப்புறம் கறுத்து எழுத்து மட்டும் வெளிறித் தெரிவதும் உண்டு. கைதவறினால் முழுத்தாளும் கறுத்துவிடும். ஆகவே அது கடைசி முயற்சியாகவே இருக்கட்டும். அதற்கு முன்பு கடைக்குச் சென்று, வாங்கிய தேதியையும் கொடுத்த செல்போன் எண்ணையும் சொல்லி, கம்ப்யூட்டரிலிருந்து மறுபிரதி கேளுங்கள்.

கல்லாவில் இருப்பவர்களுக்கு

இந்தப் பூச்சில் பிஸ்பீனால் வகை இரசாயனங்கள் இருப்பதுண்டு. அவை தோல் வழியாக உடலில் சேரக்கூடியவை. ஐரோப்பிய யூனியன் 2020 ஜனவரி முதல் தெர்மல் காகிதத்தில் பிஸ்பீனால் ஏ 0.02 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. நாள் முழுவதும் பில் கிழித்துக் கொடுக்கும் நம்மவர்கள் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். சானிட்டைசர் தடவிய ஈரக் கையால் பில்லைத் தொட்டால் இரசாயனம் இன்னும் அதிகமாக ஏறும். பில் தாளில் தின்பண்டம் மடித்துக் கொடுப்பதும், குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பதும் வேண்டாம்.

துண்டுச் சீட்டின் பலம்

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே தொடரலாம். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது பெரிய வசதி. பில் தர மறுப்பதும் இந்தச் சட்டத்தில் முறையற்ற வாணிபமே. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம்.

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், அந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் வங்கி திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு. புகாருக்குப் போகும்போது கையிலுள்ள சீட்டு நம் பக்கம் பேசும்.

பெட்டியைத் திறந்து பழைய ரசீதுகளை இன்றிரவே ஒருமுறை பாருங்கள். எழுத்து இருக்கும்போதே நகல் எடுத்துவிட்டால் கவலை இல்லை.