பிடி அரிசியும் பச்சிளம் உயிரும்

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மன் சந்நிதியை நோக்கி ஊர் ஊராக மக்கள் திரண்டு வருவார்கள். சாத்தூரை அடுத்த அச்சங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி எனப் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஊர்க் குடும்பங்களுக்கு அவளே தாய். பிள்ளை வரம் வேண்டி அம்மன் கோயில்களில் தொட்டில் கட்டுவதும், வேண்டுதல் பலித்தபின் கரும்புத் தொட்டிலில் மகவைக் கிடத்திப் பிராகாரம் சுற்றுவதும் நம் பக்கத்து வழக்கம்.

பிறந்த குழந்தையை அம்மன் காப்பாள் என்பது நம் முன்னோர் வழிவந்த நம்பிக்கை. அவள் யாருடைய கைகளைக் கொண்டு காக்கிறாள் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கருவில் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடும் சிசுவுக்குத் தோலின் அடியில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். நுரையீரல் முதிர்ந்திராது, பாலைச் சப்பிக் குடிக்கவும் வலுவிராது. இத்தகைய குழந்தைகளுக்காகவே மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவு இயங்குகிறது. மேலிருந்து வெப்பம் தரும் வார்மர், மஞ்சள் காமாலையைத் தணிக்கும் நீல விளக்கு, மூச்சுக்குத் துணை நிற்கும் கருவி, இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவி ஆகியவை அங்கே உண்டு. இவை அனைத்தையும் விட முக்கியமானவர்கள், இரவெல்லாம் கண் விழித்திருக்கும் செவிலியர்.

2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 25 குழந்தைகள் 28 நாள் நிறைவதற்குள் மறைகின்றன. தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை சுமார் 13. நம் மாநிலம் மேலான நிலையில் இருப்பது உண்மைதான். ஆயினும் அந்தப் பதின்மூன்று வீடுகளிலும் கட்டிய தொட்டில் வெறுமையாகவே தொங்குகிறது.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்து, பெண்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. ஒரு நொடியில் உயிர் பிரிவதைக் கண்ட ஊர் அது. ஓர் உயிரைப் பிடித்து நிறுத்துவது எத்தனை பெரிய காரியம் என்பதை அம்மண்ணுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையில் பிரசவமும் நோயுற்ற சிசுவுக்கான சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்க, 2011-இல் மத்திய அரசு தனித் திட்டம் வகுத்தது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும் அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் குழந்தைக்காக வாரக்கணக்கில் வார்டு வாசலில் காத்திருந்தால், வீட்டு உலை எப்படிக் கொதிக்கும்? அங்கேதான் மற்றவர் கை நீள வேண்டும்.

கை நீட்டுவது இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. விருதுநகரில் இல்லந்தோறும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைத் திரட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். க்ஷத்ரிய வித்யாசாலா என்னும் அப்பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவரே பெருந்தலைவர் காமராஜர். காஞ்சி மகா பெரியவரும் பிடி அரிசித் திட்டத்தை இல்லத்தரசிகளுக்கு அறிவுறுத்தினார். தினமும் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் எடுத்து வைத்தால், ஆண்டவனுக்கு நிவேதனமாகி ஏழைக்கு அன்னமாகும் என்பது அவர் காட்டிய வழி. சென்னை இராயபுரத்தில் இன்றும் தாய் சேய் நலம் காக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையோ, சவளை இராமசாமி முதலியார் என்னும் வள்ளலின் கொடையால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. செல்வர் அள்ளிக் கொடுத்தார்; எளியோர் பிடி பிடியாகக் கொடுத்தனர். இரண்டும் அறமே.

நம் வீட்டில் பேரனோ பேத்தியோ பிறந்தால் காதுகுத்து, முடியிறக்குதல், விருந்து என்று செலவு செய்கிறோம். அம்மனுக்குரிய நேர்த்திக்கடனைக் குறைக்க வேண்டாம். விருந்தில் ஒரு பங்கைக் குறைத்து, பிள்ளைகளும் மருமக்களும் சம்பந்திகளும் சேர்ந்து ஓர் உண்டியல் வைக்கலாம். நிறைந்தபின் அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளரையோ குழந்தை நலத் துறைத் தலைவரையோ நேரில் கண்டு, எது தேவை என்று கேட்டு அதையே வாங்கித் தருவது நலம். பணமாகத் தருவதாயின் நிர்வாகத்திடம் செலுத்தி, முறையான ரசீது பெற வேண்டும். இடைத்தரகர் எவரிடமும் கொடுத்துவிடலாகாது.

பணமில்லையே என்று வருந்தும் முதியோரிடமும் ஒரு கொடை உண்டு. 1978-இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், வார்மர் போதாத நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்றதால் அதற்கு அப்பெயரே வந்தது. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு அணைத்துப் பேணியபோது இறப்பு ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. தாய்க்கு இயலாத வேளையில் மருத்துவர் அனுமதியுடன் பாட்டியோ தந்தையோ அணைத்துக் கொள்ளலாம். அத்துடன், முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஊட்டுதல், சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் தடவாதிருத்தல், பிறந்த அன்றே குளிப்பாட்டாதிருத்தல் ஆகியவற்றை வீட்டின் பெரியவர்கள் சொன்னால் இளையோர் கேட்பார்கள்.

இதே மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூரில், துளசி வனத்தில் கிடந்த பச்சிளம் பெண் மகவைப் பெரியாழ்வார் கண்டெடுத்தார். யார் பெற்ற குழந்தை என்று அவர் வினவவில்லை. எடுத்தார், அணைத்தார், வளர்த்தார். அம்மகவே ஆண்டாள் என்று உலகம் பின்னரே அறிந்தது. மருத்துவமனையின் கண்ணாடிக்கு அப்பால் கிடக்கும் குழந்தை யாரென்று நாமும் அறியோம். நாளை காலை உலை வைக்கும் முன், அக்குழந்தைக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்போம். இருக்கன்குடித் தாய் அதை ஏற்றுக் கொள்வாள்.